மூதேவி கழித்த ஆனி

நம் வயசுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். ஆனி மாசத்துக் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் பெண்கள் உட்கார்ந்து சோறு தின்றதில்லை. ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் பிறகு ஒரு பாய் காயாது, ஒரு மிளகாய் காயாது. அதற்கு முன்னால் வீட்டையே கவிழ்த்துத் தட்டி எடுத்தாக வேண்டும். இப்போது என் மருமகள் அலமாரியைத் திறந்து இரண்டு பை பழைய துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, வீடு ஒதுக்கியாச்சு என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரும். உடனே சிரிப்பு போய்விடும். வீடு ஒதுக்குவது என்றால் என்ன என்று எனக்கு ஒன்பது பத்து வயசில் தெரிந்துபோயிற்று. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பகவதிக்குத் தெரிய, உள்ளதை உள்ளபடி எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு சுசீந்திரத்துக்குத் தெற்கே. நம் தாலுகாக்கள் அப்போது தமிழ்நாட்டோடு சேரவில்லை. வீட்டில் அப்பா, அம்மை, எனக்கு ரொம்ப மூத்த அண்ணன், நான், பிறகு அத்தை. அத்தை அப்பாவுக்கு நேர் இளையவள். பழைய மருமக்கள்வழி முறை நின்றிருந்தால் அந்த வீடே அத்தைக்குச் சேர வேண்டியது. அந்த முறை போய் மக்கள்வழி வந்துவிட்டது. “எனக்கென்னத்துக்கு வீடு? எனக்கு அண்ணன் உண்டும்லா” என்று அத்தை சொன்னதாக ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். அவளுக்கு இருந்தது அடுக்களையை ஒட்டிய சாய்ப்பு அறை ஒன்றுதான். அதில் ஒரு பாய், மாமாவின் மரப்பெட்டி.

மாமா என்றால் அத்தையின் புருஷன். நான் அவரைப் பார்த்ததில்லை. பெரிய சண்டை நடந்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினார். அதோடு சரி. செத்தார் என்றும் தகவல் இல்லை, இருக்கிறார் என்றும் தகவல் இல்லை. அத்தை தாலியோடும் குங்குமத்தோடும்தான் இருந்தாள். ஊரில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் ஆட்கள் யோசிப்பார்கள். ஆரத்தித் தட்டு அவள் கைக்கு வரும்போது பக்கத்தில் நிற்கிறவள் வாங்கிக்கொள்வாள்.

எங்கள் வீட்டு ஆனி ஒதுக்கலுக்கு ஒரு முறை உண்டு. எல்லா வீட்டிலும் உண்டா, தெரியாது. முதலில் மச்சில் கிடக்கிற சாமான் எல்லாம் முற்றத்துக்கு இறங்கும். உருளி, பழைய குத்துவிளக்கு, விரிசல் விட்ட ஊறுகாய்ப் பரணி, எலி கடித்த நார்ப்பெட்டி, நாங்கள் குழந்தையாகக் கிடந்த தொட்டில் கம்பு. எலிப் புழுக்கையும் பழம்புளி வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போகும். போன ஆனியிலிருந்து இந்த ஆனி வரைக்கும் யார் கையும் படாத சாமான் எதுவோ, அதெல்லாம் மூதேவிக்கு. அதை ஒரு மூலையில் குவிப்பார்கள். மாசக் கடைசி அந்தியில் அந்தக் குவியலை, பெருக்கித் தேய்ந்த வாரியல், ஒட்டடை, அடுப்புக்கரியோடு சேர்த்துக் கொண்டுபோய் ஊர் நாலுமுக்கில் தட்டிவிட்டு வர வேண்டும். அதற்கு மூதேவி கழிக்கிறது என்று பேர். கழித்த சாமானை யாரும் திரும்பத் தொடக் கூடாது. தொட்டு எடுத்தால் எடுத்தவர் மேல் மூதேவி ஏறிவிடுவாள், அவர் வீட்டுப்படி ஏறக் கூடாது.

கழித்துவிட்டு வந்ததும் முன்கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி குளத்தில் முங்கி, கிண்டியில் தண்ணீரும் தட்டில் விளக்குமாக வந்து படியில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து அம்மை, “ஆரு வாறது?” என்று கேட்பாள். “சீதேவி வாறேன்” என்று சொல்ல வேண்டும். “வந்தா போவியா?” “போமாட்டேன்.” கதவு திறக்கும். அந்தச் சீதேவி நான்தான். வருசம் பூரா அடியும் கிள்ளும் வாங்குகிற எனக்கு அந்த ஒரு அந்தியில் அம்மை கால் கழுவிவிடுவாள்.

கை படாத சாமான் மூதேவிக்கு என்ற சட்டம் அத்தைக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஆனி பிறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை மாமா பெட்டியை வெயிலில் வைப்பது. முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்புவாள். ஒரு பட்டுச் சட்டை, கரை போட்ட இரண்டு வேட்டி, சவரக் கத்தி, ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு. செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பாள். ஒரு பொத்தானைக்கூட விட மாட்டாள், எல்லாவற்றையும் கையால் தொட்டு வைப்பாள். பாச்சா உருண்டையும் வேப்பிலையும் கலந்த அந்தப் பெட்டி வாடை அடுக்களை வரைக்கும் வரும்.

மேலவீட்டுப் பெரியம்மை மதில் மேல் தலையை வைத்துக்கொண்டு கேட்பாள்:

“என்ன பிள்ளே, மாப்பிள்ளையை வெயில்ல போட்டாச்சா?”

“போட்டாச்சு, அக்கா.”

“நல்லா காயட்டும். திருப்பித் திருப்பிப் போடு. ஒரு பக்கம் பச்சையா நின்னிரும்.”

அம்மை சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள், அதுதான் இப்போது நினைத்தால் என்னமோ செய்கிறது. சிரித்துக்கொண்டே சட்டையைத் திருப்பிப் போடுவாள்.

நான் சொல்ல வந்த ஆனியில் அண்ணனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் அஞ்சுகிராமத்துப் பக்கம். ஆவணியில் முகூர்த்தம், அதற்கு முன்னால் பெண் வீட்டுக்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். அம்மைக்குச் சாய்ப்பு அறை வேண்டும். அறையைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் தலைக்கு மேலேயே அப்பாவும் அம்மையும் பேசினார்கள். பிள்ளைகளுக்குக் காது உண்டு என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் நினைத்ததில்லை.

“உங்க தங்கச்சி சங்கதி என்னதாக்கும்?” என்றாள் அம்மை. “பெண்ணுக்க அம்மைக்காரி கேட்டனுப்பியிருக்கா. வீட்டுல இருக்கது கட்டுக்கழுத்தியா, அறுதலியான்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“ரெண்டும் இல்லேன்னு சொல்லு.”

“ரெண்டும் இல்லாத பெண்ணு உலகத்துல உண்டுமா? அந்தப் பெட்டி இங்ஙன கெடக்க வரைக்கும் அவ தாலியை வச்சுத் தடவிக்கிட்டுத்தான் இருப்பா. புதுப்பெண்ணு வந்து ஏறுத வீடு. செத்தவனுக்க செருப்பு வீட்டுல இருக்கலாமா?”

“செத்தான்னு ஆரு கண்டா?”

“வந்தான்னு ஆரு கண்டா?”

அப்பா வெற்றிலைச் செல்லத்தை மூடினார். “எனக்க கண்ணுல படாம என்னவும் செய்” என்றார். அப்பாவை ஊரில் நல்ல மனுஷன் என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

மாசக் கடைசி நாள் காலையில் அம்மை அத்தையைக் கூப்பிட்டாள். கையில் ஒரு சின்னப் போணியில் வெண்ணெய்.

“ஏட்டி, இதைக் கொண்டு சுசீந்திரத்துல அனுமாருக்குச் சாத்திட்டு வா. சீதைக்கே துப்புச் சொன்ன சாமியாக்கும். உனக்க மாப்பிள்ளைக்கும் ஒரு துப்புச் சொல்லட்டும். சாயரச்சை பூசையும் தொழுதுட்டு மெதுவா வந்தாப் போரும்.”

அத்தைக்கு நம்ப முடியவில்லை. “இன்னைக்கா மயினி? வேலை கெடக்கே.”

“வேலை எப்பவும் உள்ளதுதான். நீ போ.”

அத்தை அழுதுவிட்டாள். அம்மையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, போணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரப்போடு போனாள். வெண்ணெய் உருகிவிடும் என்று வேகமாக நடந்தாள். அவள் தலை மறைந்ததும் அம்மை சாய்ப்பு அறைக் கதவைத் திறந்தாள்.

பெட்டியை அண்ணனும் மாட்டுக்கார அண்ணாச்சியும் பிடித்துத் தூக்கினார்கள். கனம். அண்ணாச்சி, “இது கை பட்ட பெட்டியில்லா, இந்த ஆனியிலயும் வெயில்ல இருந்துதே” என்றார். “மாடு குளுப்பாட்டியாச்சா?” என்று கேட்டாள் அம்மை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்தியில் நான் குளத்தில் முங்கி ஈரத் தலையோடு, புதுப் பாவாடையோடு, கிண்டியும் விளக்குமாக நாலுமுக்குக்குப் பக்கத்திலேயே நின்றேன். அம்மையும் அண்ணனும் தட்டிவிட்டு, முன்கதவைச் சாத்த முன்னாலேயே போயிருந்தார்கள். உடைந்த பானை, பிய்ந்த பாய், கரி, எல்லாவற்றுக்கும் மேலே மாமா பெட்டி சரிந்து கிடந்தது. மூடி திறந்து பட்டுச் சட்டையின் கை வெளியே தொங்கியது. மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கை அணையாமல் பிடித்துக்கொள் என்று சொல்லி அண்ணாச்சியை எனக்குத் துணைக்கு விட்டிருந்தார்கள்.

அத்தை அந்த வழியாகத்தான் வந்தாள். நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்துச் சிரித்து, “எனக்க சீதேவிக்குட்டி நிக்கா” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

முதலில் அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. சட்டைக் கையைத்தான் பார்த்தாள். கிட்டே போய், கரி படாமல் அதை உள்ளே எடுத்து வைத்தாள். செருப்பில் ஒன்று பானை ஓட்டுக்குள் கிடந்தது. அதை முந்தானையால் துடைத்தாள்.

“தொடாதேயும் பிள்ளே,” என்றார் அண்ணாச்சி. “கழிச்சுப் போட்டதாக்கும்.”

“ஆரு கழிச்சது?”

அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

“எனக்க அண்ணனுக்குத் தெரியுமா?”

அத்தை மூடியை அடைத்தாள். இரண்டு ஆண்கள் பிடித்துத் தூக்கிய பெட்டியை முழங்காலில் ஏற்றி, நெஞ்சில் ஏற்றி, தலையில் வைத்தாள். பிச்சிப்பூ நசுங்கிக் கழுத்து வழியே உதிர்ந்தது. “வா மக்கா, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

நான் முன்னால் விளக்கோடு, அத்தை பின்னால் பெட்டியோடு. தெருவில் நின்ற பெண்கள் எல்லாரும் அவரவர் நடைக்குள் ஏறிக்கொண்டார்கள். மேலவீட்டுப் பெரியம்மை மட்டும், “அடி சண்டாளி, மூதேவியைச் சுமந்துட்டில்லா வாறா” என்று மெதுவாகச் சொன்னாள். மழைத் துளி விழ ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் படியில் நின்றோம். கதவு சாத்தியிருந்தது.

உள்ளே இருந்து அம்மை கேட்டாள். “ஆரு வாறது?”

எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். ஆனால் பொய் சொன்னால் பகவதி கண்ணைக் குத்துவாள் என்பதும் அம்மை சொல்லித் தந்ததுதான்.

“சீதேவி வாறேன். அத்தையும் வாறா.”

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

“சீதேவி மட்டும் வரட்டும்” என்றாள் அம்மை.

“மயினி, கதவைத் திறங்க. மழை விழுகு. பெட்டி நனையும்” என்றாள் அத்தை.

“கழிச்சதைத் தலையில வச்சுக்கிட்டு எனக்க வாசல்ல நிக்காதே. நாளைக்கு ஒரு பெண்ணு வந்து ஏற வேண்டிய படி.”

“அண்ணா,” என்று கூப்பிட்டாள் அத்தை. பெட்டியின் கனத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “நீ உள்ள இருக்கியா?”

அப்பாவின் குரல் வந்தது. அது கோபக் குரல் இல்லை. மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் பேசினார். “பெட்டியை அங்ஙனயே கொண்டு போட்டுரு. குளத்துல ஒரு முங்கு முங்கிட்டு வா. கதவைத் திறக்கச் சொல்லுகேன். ஒண்ணும் ஆகாது.”

“போட்டுட்டு வாறேன்,” என்றாள் அத்தை. “எப்படி வரணும்? தாலியோடவா, அறுத்துட்டா?”

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். “தாலியோட வா” என்று அவர் சொல்லியிருந்தால் அத்தை பெட்டியைக் குளத்திலேயே போட்டிருப்பாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவள் சுமந்தது சட்டையையும் செருப்பையும் அல்லவே.

ஒற்றைக் கதவு திறந்தது. ஒரு கை என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தது. கதவைச் சாத்தியாயிற்று. அம்மை என் காலைக் கழுவி, பொட்டு வைத்து, “வந்தா போவியா?” என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே “போமாட்டேன்” என்றேன். வெளியே சாரல் அடித்து ஊற்றியது.

அத்தை தெருவோடு சுற்றிப் புறவாசல் வழியாகத் தொழுவத்துக்குப் போனாள். வைக்கோல் போடுகிற மூலையில் பெட்டியை வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாளில் கோபம் தணிந்து பெட்டியைத் தூர எறிந்துவிட்டு வருவாள் என்று அம்மை சொன்னாள். அத்தை வரவில்லை. ஆடி முழுக்க மழை. பொதுவாகவே என் அம்மை ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. பிச்சைக்காரனுக்குக்கூடச் சூடாகத்தான் கஞ்சி ஊற்றுவாள். அத்தைக்கும் வேளாவேளைக்கு என்னிடம் கொடுத்துவிடுவாள். ஒரு மண்சட்டியில். அந்தச் சட்டி அடுக்களைக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான். தொழுவத்தில் கிடந்தவள் சும்மா இருக்கவில்லை. சாணி அள்ளினாள், மாட்டுக்குப் புல் வெட்டினாள். மாட்டுக்கார அண்ணாச்சிக்கு வேலை குறைந்து, கூலியும் குறைந்தது. அதைக்கூட அம்மை நல்லதாகத்தான் கணக்கிட்டாள்.

ஆவணி பிறந்ததும் பெண் வீட்டுக்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். முன்கூடமான பட்டாசல் மெழுகிப் பளிச்சென்று இருந்தது. சாய்ப்பு அறை வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டிருந்தது. பெண்ணின் அம்மை அடுக்களையைப் பார்த்தாள், பத்தாயத்தைத் திறந்து பார்த்தாள், புறவாசல் வந்தாள். அத்தை சாணிக் கடவப்பெட்டியோடு நின்றாள்.

“இது ஆரு?” என்று கேட்டாள் அந்த அம்மாள்.

அம்மை வாயைத் திறப்பதற்குள் அத்தையே சொன்னாள். “வேலைக்காரியாக்கும், அம்மா. தொழுவத்துக்கு.”

“கொள்ளாம், தொழுவம் நல்ல வெடிப்பா, சுத்தமா வச்சிருக்கா” என்று சொல்லி, சாப்பிட்டு முடித்ததும் எச்சில் இலைகளைக் கூட்டி அள்ள அத்தையைத்தான் அந்த அம்மாள் கூப்பிட்டாள். அத்தை அள்ளினாள். அப்பா அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார், கிண்டியில் தண்ணீர் தீரும்வரை. அண்ணன் கல்யாணத்தில் அத்தை எங்கே என்று கேட்டவர்களுக்கு, பத்மநாபபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தீனமாகக் கிடக்கிறாள் என்று சொல்லப்பட்டது. அவள் பந்தலுக்குப் பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.

மதினி வந்தபிறகு ஒரு நாள் மனசு கேட்காமல் அப்பா தொழுவத்துக்குப் போய்க் கூப்பிட்டார். நான் கஞ்சிச் சட்டியோடு நின்றேன்.

“உள்ள வா, ஏட்டி. போனது போட்டும்.”

“வேண்டாம் அண்ணா. நான் வந்து ஏறினா உள்ள இருக்க சீதேவி இறங்கிப் போயிருவா. பிறகு உனக்க பெண்டாட்டி ஆரைக் கழிப்பா?”

அதற்கு மேல் அவர் கூப்பிடவில்லை. அவளும் ஏறவில்லை. நான் பெரியவளாகி, பள்ளிக்கூடம் நின்று, பாவாடையிலிருந்து தாவணிக்கு மாறினேன். ஆனியில் மட்டும் அத்தை தொழுவத்து முற்றத்தில் பெட்டியை வெயிலில் வைத்தாள். மதில் மேல் யாரும் வந்து கேட்கவில்லை. கறையான் ஏறி, பட்டுச் சட்டை தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பொடியையும் வெயிலில்தான் வைத்தாள்.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த வருசம் மழைக்காலத்தில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு காலையில் நான் சட்டியைக் கொண்டு போனபோது மாடு அவள் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

ஊர்ப் பெண்கள் கூடினார்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் மேலவீட்டுப் பெரியம்மைதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “கோடி வெள்ளையா, சிவப்பா? தாலி கெடக்கட்டுமா, எடுக்கணுமா?”

எல்லாரும் அம்மையைப் பார்த்தார்கள். அம்மை என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தத் தை மாசத்துக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். தொழுவத்தில் ஒரு அறுதலி செத்த வீடு என்றால் வேறு. கட்டுக்கழுத்தி போய்ச் சேர்ந்த வீடு என்றால் வேறு. அம்மை மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

“இதென்ன கேள்வி? மாப்பிள்ளை கடல் கடந்து போயிருக்காரு. அவ மஞ்சளும் குங்குமமுமாட்டில்லா போறா. மகாலெச்சுமி. பட்டாசல்ல கொண்டு கெடத்துங்க.”

முன்வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தார்கள். சுமங்கலிச் சாவு என்று கேள்விப்பட்டு அடுத்த ஊரிலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள். ஆரத்தித் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்கள் வரிசையில் நின்று அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். மதினியின் அம்மை அஞ்சுகிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்திருந்தாள். குனிந்து முகத்தைப் பார்த்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். அடையாளம் தெரிந்துவிட்டது. அவளும் குங்குமம் எடுத்துக்கொண்டாள்.

அம்மை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “காலைத் தொட்டுக் கும்பிடு மக்கா. நல்ல இடத்துல வாழ்க்கைப்படணும்னு கேளு.”

நான் குனிந்தேன். பாதத்துக்கு மஞ்சளை அப்பியிருந்தார்கள். மஞ்சளுக்கு அடியில் குதிகால் பூராவும் பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு வெடிப்பிலும் சாணி கறுப்பாக ஏறி இறுகிக் கிடந்தது. எத்தனை குடம் ஊற்றித் தேய்த்தும் அது போகவில்லை என்று குளிப்பாட்டிய பெண்கள் பின்னால் பேசிக்கொண்டார்கள்.